கட்டளைத் திரையிற் கீழையாசிய எழுத்துக்கள்

மக்கள் தம் உள்ளக்கருத்தைப் பிறர்க்கு உணர்த்தும் பொருட்டுக் கண்ட கருவிகளுள் எழுத்தினுஞ் சிறந்தது பிறிதொன்றில்லை. வாயினாற் கூறியது கூறிய அளவிலே மறையும்; எழுதி வைத்ததோ இடத்தையும் காலத்தையும் கடந்து நிற்கும். எனினும், எழுதியோன் எழுதியவாறே படிப்போன் கண்ணுக்குப் புலப்பட்டாலன்றி அவ்வெழுத்தினாற் பயனில்லை. கல்லில் வெட்டிய எழுத்தும் ஓலையிற் கீறிய எழுத்தும் என்றும் எழுத்தாகவே நிற்பன. கணினியில் உள்ள எழுத்தோ அத்தன்மைத்தன்று. அஃது எண்ணாகச் சேமிக்கப்பட்டு, எண்ணாகவே அனுப்பப்பட்டு, இறுதியில் திரையை அடைந்தபோதே எழுத்துருவம் பெறுகின்றது. அவ்வுருமாற்றத்திற் சிறு பிழை நேரினும், ஒருவர் பெயர் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். ஒரு பத்தியில் நிற்கவேண்டிய தொகை மற்றொரு பத்தியிற் புகுந்து படிப்போரை மயக்கும். சீனம், ஜப்பானியம், கொரியம் என்னும் மூன்று மொழிகளின் எழுத்துக்களும் கட்டளைவரி நிரல்களில் இவ்வாறு நெடுங்காலம் இன்னலுற்றன. இன்றும் ஒரோவழி இன்னலுறுகின்றன. அதற்குக் காரணம் யாது, அதனைக் களையும் வகை யாது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராயப் புகுகின்றோம்.

கட்டளைவரி நிரல் என்பது, படங்களும் பொத்தான்களும் இன்றி, எழுத்தாலாகிய கட்டளையைப் பெற்று எழுத்தாலாகிய விடையைத் தருவதாம். அவ்விடையைக் காட்டும் திரையை டெர்மினல் என்றும் முனையம் என்றும் வழங்குவர். முற்காலத்தில் இது தனியொரு பொறியாக இருந்தது. அமெரிக்க நாட்டு டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட வி.டி. 100 என்னும் முனையம் அவற்றுட் பெரிதும் பெயர்பெற்றது. அதன் திரை வழக்கமாக 24 வரிகளாகவும், ஒவ்வொரு வரியும் 80 கட்டங்களாகவும் பகுக்கப்பட்டிருந்தது. இந்நாளில் முனையம் என்பது கணினித் திரையில் திறக்கும் ஒரு சாளரமே; ஆயினும் அப்பழைய கட்டமுறை மாறவில்லை. சதுரங்கப் பலகையிற் காய்களை வைப்பது போலக் கட்டத்திற்கு ஓரெழுத்தாக வைத்துச் செல்வதே அதன் இயல்பு. கட்டங்கள் உயரத்தில் நீண்டும் அகலத்தில் ஒடுங்கியும் இருப்பன. ஆங்கிலம் முதலிய மொழிகளின் எழுத்துக்கள் அவற்றுள் இடர்ப்பாடின்றி அடங்கின.

சீனவெழுத்து அங்ஙனம் அடங்குவதன்று. அது பல கோடுகளைக் கொண்டு ஒரு சதுரத்தினுள் அமைவது. ஒடுங்கிய கட்டத்துள் அதனை நெருக்கினாற் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, எழுத்து இன்னதென்று விளங்காது போம். ஆதலின் ஜப்பானியர் முதற்கண் சீனவெழுத்தை விடுத்து, கத்தகானா என்னும் ஒலியெழுத்துக்களை மட்டும் கணினிக்குக் கொண்டுவந்தனர். 1969ஆம் ஆண்டில் அவர்கள் வகுத்த தொழில்தரத்தில் ஒவ்வொரு கத்தகானாவுக்கும் ஒரு பைட் அளிக்கப்பட்டது. பைட் என்பது 0 முதல் 255 வரையுள்ள எண்களுள் ஒன்றைத் தாங்கும் சிறு கூறு. அவ்வெழுத்துக்களை ஒடுக்கி ஒரே கட்டத்துள் அடைத்தனர். பின்னர் 1978ஆம் ஆண்டில் 6,349 சீனவெழுத்துக்களை உள்ளடக்கிய தரம் ஜப்பானில் வெளிவந்தது. 1980ஆம் ஆண்டிற் சீன அரசு 6,763 எழுத்துக்களுக்குத் தரம் வகுத்தது. 1987ஆம் ஆண்டிற் கொரியர் தம் அசையெழுத்துக்கள் 2,350க்கும் சீனவெழுத்துக்கள் 4,888க்கும் இடந்தந்தனர். இத்துணை எழுத்துக்களை ஒரு பைட்டினாற் குறித்தல் இயலாது. ஆதலின் எழுத்தொன்றுக்கு இரண்டு பைட் வேண்டியதாயிற்று. திரையிலும் எழுத்தொன்றுக்கு இரண்டு கட்டங்கள் தரப்பட்டன.

ஈண்டு வாசகர் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆங்கிலவெழுத்துக்கு ஒரு பைட், ஒரு கட்டம்; சீனவெழுத்துக்கு இரண்டு பைட், இரண்டு கட்டம். இவ்விரண்டும் ஒத்து நின்றமை இயற்கை விதியன்று. தற்செயலாய் நேர்ந்த பொருத்தமேயாம். எனினும் அப்பொருத்தத்தை நிரல் எழுதுவோர் விதியெனவே கொண்டனர். பைட்டுக்களை எண்ணினால் அகலம் தானே கிடைத்தது; பட்டியல்கள் நேர்நிரலாய் நின்றன. ஒரு பிழையான முறை சரியான விடையைத் தருமாயின், அம்முறையை ஐயுறுவார் எவர்? பிற்காலத்து விளைந்த குழப்பங்களுட் பெரும்பாலானவற்றிற்கு இதுவே வித்தாயிற்று.

அந்நாளிலும் முறையின் குறை ஒருவாறு புலப்பட்டது. ஷிஃப்ட் ஜிஸ் என்னும் ஜப்பானியக் குறிமுறையில், சில எழுத்துக்களின் இரண்டாம் பைட்டும், பின்சாய்கோட்டின் பைட்டும் ஒரே எண்ணாக அமைந்தன. அட்டவணை என்னும் பொருள்பட 'ஹியோ' என்று ஒலிக்கும் சீனவெழுத்தும், கத்தகானாவிற் 'சோ' என்னும் எழுத்தும் அத்தகையன. நிரல்களில் பின்சாய்கோட்டிற்குத் தனிப்பொருள் உண்டு. சிலவிடத்து அது கோப்புறைகளைப் பிரிக்கும், சிலவிடத்து அடுத்த எழுத்தின் இயல்பை மாற்றும். ஆகவே, பைட் பைட்டாக மட்டுமே பார்த்துச் செல்லும் நிரல், ஓரெழுத்தின் பாதியைத் தனிக்குறியாக மயங்கி அவ்வெழுத்தைப் பிளந்துவிட்டது.

இனி ஒருங்குறியின் வரவைக் கூறுவாம். உலகத்து எழுத்துக்கள் யாவற்றிற்கும் ஒரே வரிசையிற் குறியெண் தரும் நோக்கத்தோடு யூனிகோடு என்னும் ஒருங்குறி 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்குறியெண்களைப் பைட்டுக்களாக எழுதும் யு.டி.எஃப். 8 என்னும் முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992ஆம் ஆண்டில் வகுத்தனர். இம்முறையிற் பொதுவழக்கிலுள்ள சீன, ஜப்பானிய, கொரிய எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட் பெறும். திரையிலோ முன்போலவே இரண்டு கட்டம் பெறும். எண்ணிக்கையில் அஃது ஓரெழுத்தே. பைட் 3, எழுத்து 1, கட்டம் 2 என மூன்று அளவைகளும் மூன்றாகப் பிரிந்தன. பழைய பொருத்தம் அழிந்தது. பைட்டை எண்ணி அகலங் கண்ட நிரல்கள் யாவும் பிழைபட்டன.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஜப்பானிய நகரங்களின் பெயர்களை முதற்பத்தியிலும் அவற்றிற்குரிய ஓர் எண்ணை இரண்டாம் பத்தியிலும் எழுதவேண்டுமெனக் கொள்வோம். முதற்பத்தியின் அகலம் 10 கட்டம் ஆகுக. மியே மாகாணத்தின் தலைநகரான த்சு என்பதன் பெயர் ஒரே சீனவெழுத்தால் எழுதப்படுவது, நாரா இரண்டெழுத்து, காகோஷிமா மூன்றெழுத்து. அவை முறையே 3, 6, 9 பைட்டும், 2, 4, 6 கட்டமும் பெறுவன. நிரல் பைட்டை எண்ணி 10க்கு நிரப்புமாயின், அது சேர்க்கும் வெற்றிடங்கள் முறையே 7, 4, 1 ஆம். ஆகவே முதற்பத்தி த்சுவுக்கு 9 கட்டத்திலும், நாராவுக்கு 8 கட்டத்திலும், காகோஷிமாவுக்கு 7 கட்டத்திலும் முடியும். எழுத்தை எண்ணி நிரப்புமாயின் வெற்றிடங்கள் 9, 8, 7 ஆம். பத்தி முறையே 11, 12, 13 கட்டங்களில் முடியும். இரண்டு முறையிலும் எண்கள் படிக்கட்டுப்போற் சரிந்து நிற்கும். கட்டத்தை எண்ணி 8, 6, 4 வெற்றிடங்களைச் சேர்த்தால் மட்டுமே மூன்று வரிகளும் 10ஆம் கட்டத்தில் ஒருசேர முடியும். சி மொழியில் அகலங்குறித்து அச்சிடும் வழக்கமான கட்டளை பைட்டை எண்ணுவது. பைத்தான் மொழியில் நீளங்காணும் செயற்கூறு குறியெண்ணை எண்ணுவது. இரண்டும் தத்தம் தொழிலைச் செய்வனவே. கட்டத்தை எண்ணுதல் அவற்றின் தொழிலன்று.

அங்ஙனமாயின் கட்டத்தை எண்ணுமாறு எங்ஙனம்? ஒருங்குறியின் பதினொன்றாம் இணைப்பு, எழுத்துக்களை அகலம் பற்றி ஆறு வகையாகப் பகுக்கின்றது. இயல்பாகவே இரண்டு கட்டம் பெறும் அகன்றவை. சதுரமாக எழுதிய ஆங்கிலவெழுத்துப் போன்ற முழுவகலத்தவை. ஒடுக்கிய கத்தகானாப் போன்ற அரையகலத்தவை. ஒரு கட்டம் பெறும் ஒடுங்கியவை. கீழையாசிய வழக்கில் இடம்பெறாத பொதுவினத்தவை. இடம் நோக்கி ஒன்றாகவோ இரண்டாகவோ நிற்கும் ஐயவகலத்தவை என்பன அவை. சி மொழியில் டபிள்யூ.சி.விட்த் என்னும் செயற்கூறு ஓரெழுத்தைப் பெற்று அதற்குரிய கட்டங்களை விடையாகத் தரும். அச்சிடத்தகாத குறிக்கு எதிர்மறை ஒன்றைத் தரும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்கஸ் கூன் இச்செயற்கூற்றைத் தாமும் எழுதி யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டார். பல நிரல்கள் அதனைத் தழுவின. ஆயின் சி மொழி நிரல் தொடங்கும்போதே, பயனர் கணினியின் மொழியமைப்பை ஏற்றுக்கொள்ளும் செட்லொக்கேல் என்னும் கட்டளையை இடுதல் வேண்டும். அதனை இடாத நிரல் ஆங்கிலமன்றிப் பிறிதறியாததாய் இயங்கும்; அதன்பின் எந்த அளவைக் கருவியும் பயன்படாது.

அளவறிந்த பின்னர் அறுத்தல் முறையை அறிதல் வேண்டும். ஐந்து கட்டத்துள் காகோஷிமாவின் பெயரை அடக்கவேண்டின், முதலிரண்டு எழுத்துக்களை வைத்து, எஞ்சிய ஒரு கட்டத்தை வெறுமையாக விடுதலே தக்கது. ஐந்து பைட்டில் அறுப்போமாயின் முதலெழுத்து முழுதாகவும் இரண்டாமெழுத்து மூன்றில் இருபகுதியாகவும் நிற்கும். அப்பகுதி எவ்வெழுத்தும் ஆகாது. வரியின் இறுதியிலும் இவ்வாறே. 79 கட்டங்கள் நிறைந்து ஒன்றே எஞ்சிய வரியிற் சீனவெழுத்து வருமாயின், முனையம் அக்கட்டத்தை வெறுமையாக விட்டு எழுத்தை அடுத்த வரிக்குக் கொண்டுசெல்லும். நிரலும் அங்ஙனமே கணக்கிட்டிருத்தல் வேண்டும். இன்றேல் சுட்டி ஓரிடத்தும் எழுத்து வேறிடத்தும் நிற்க, பயனர் அழிக்க எண்ணியது ஒன்று, அழிவது மற்றொன்றாகும்.

எழுத்து ஒன்று, குறியெண் பல என்னும் நிலையும் உண்டு. ஜப்பானியத்தில் 'கா' என்னும் எழுத்தை மெலிந்தொலிக்கச் செய்ய இரண்டு சிறு கோடுகள் இடுவர். கோடுகளோடு கூடிய எழுத்துக்குத் தனிக்குறியெண் உண்டு. எழுத்தும் கோடும் தனித்தனிக் குறியெண்ணாய் அடுத்தடுத்து நிற்றலும் உண்டு. கொரிய அசையாகிய 'ஹன்' ஒரே குறியெண்ணாகவும் வரும். முதல், இடை, கடை என மூன்று உறுப்புக்களாகவும் வரும். எவ்வாறு வரினும் திரையில் இரண்டு கட்டமே. ஆப்பிள் கணினிகளில் 1998ஆம் ஆண்டு முதல் வழங்கிய எச்.எஃப்.எஸ். பிளஸ் என்னும் கோப்பமைப்பு, கோப்புப் பெயர்களை இங்ஙனம் உறுப்புக்களாகப் பிரித்தே சேமித்தது. ஆதலின் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்களை நிரல் வேறெனக் கொள்ளுதல் நேர்ந்தது. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவிற்குக் கொணர்தலும், அளக்கும்போது இடையுறுப்புக்கும் கடையுறுப்புக்கும் சுழிய அகலம் அளித்தலும் இதற்கு மருந்தாம்.

ஐயவகலத்து எழுத்துக்களே பெரிதும் இடர் விளைப்பன. கிரேக்க எழுத்துக்களும், ரஷ்ய எழுத்துக்களும், பட்டியலுக்குக் கட்டம் வரையும் கோடுகளும் பழைய ஜப்பானியத் தரத்தில் இரண்டு பைட் பெற்றிருந்தமையால், அந்நாட்டு முனையங்களில் இரண்டு கட்டம் பெற்றன. மேலைநாட்டு முனையங்களில் அவையே ஒரு கட்டம் பெறுவன. இவற்றுள் எது சரி என்று வினாவுதல் பயனற்றது. நிரலும் முனையமும் ஒரே விடையைக் கொண்டிருத்தலே வேண்டப்படுவது. அகலம் என்பது எழுத்தின் இயல்பு மட்டுமன்று; இருவர் தம்முட் செய்துகொண்ட உடன்பாடுமாம். விம் என்னும் பதிப்பியில், ஐயவகலத்தை ஒன்றெனக் கொள்வதோ இரண்டெனக் கொள்வதோ என்று பயனரே குறிக்கும் அமைப்பு உண்டு. அன்றியும், அவ்வெழுத்தொன்றைத் திரையில் இட்டு, சுட்டி எவ்விடத்து நிற்கின்றதென முனையத்தையே வினவி அறியும் வழியும் அதற்குண்டு. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் ஒன்பதாம் பதிப்பு, எமோஜி என்னும் படவெழுத்துக்கள் பலவற்றை அகன்றவை எனக் கொண்டது. நிரல் பழைய அட்டவணையையும் முனையம் புதிய அட்டவணையையும் வைத்திருப்பின், இருவரும் நேர்மையாளராயினும் கணக்கு ஒவ்வாது. ஆகவே அட்டவணையைக் காலந்தோறும் புதுப்பித்தல் கடமையாகின்றது.

இதுகாறும் அகலம் பற்றிக் கூறினோம். எழுத்தே தோன்றாதவிடத்துச் செய்வதென்ன? மருத்துவர் நோயின் குறியைக் கொண்டு நோயை அறிதல் போல, திரையில் தோன்றும் குறியைக் கொண்டு பிழையை அறியலாகும். வெற்றுச் சதுரங்கள் தோன்றின், உரை பழுதுறவில்லை; அதனை வரையும் எழுத்துரு மட்டுமே இல்லை. இச்சதுரங்களைத் தோஃபு என்பர். அது சோயாப்பயற்றாற் செய்யும் ஓருணவின் பெயர். கூகிளும் அடோபியும் இணைந்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட நோட்டோ கீழையாசிய எழுத்துரு இக்குறையைப் போக்குவதற்கே எழுந்தது. தொடர்பற்ற பல குறிகள் நெருங்கித் தோன்றின், ஒரு குறிமுறையில் எழுதியதை மற்றொரு முறையிற் படித்தமை காரணம். ஜப்பானியர் இதனை மொஜிபாக்கே என்பர். எழுத்து உருமாறியமை என்பது பொருள். அவ்வுருவிலேயே சேமித்துவிடாதவரை மூலம் அழிவதில்லை. உரிய முறையை அறிந்து மீளப் படித்தால் எழுத்து மீளும். பின்சாய்கோட்டோடு மும்மூன்று இலக்கங்கள் தோன்றின், நிரல் தன் அச்சத்தால் பைட்டுக்களை எண்ணாக எழுதிக் காட்டுகின்றது. கிட் என்னும் நிரல் கோப்புப் பெயர்களை இயல்பாகவே இங்ஙனம் காட்டும், கோர்.குவோட்பாத் என்னும் அமைப்பை மறுத்துவிட்டால் எழுத்தாகவே காட்டும்.

வினாக்குறிகள் தோன்றுமாயின் பெரிதும் எச்சரிக்கை வேண்டும். ஏற்கும் குறிமுறையில் இடமில்லாத எழுத்திற்கு ஈடாக நிரல் வினாக்குறியை இட்டிருக்கலாம். திரைக்கு மட்டும் அங்ஙனம் மாற்றியிருப்பின் மூலம் பிழைத்திருக்கும். கோப்பிலேயே எழுதிவிட்டிருப்பின் மூலம் அழிந்ததேயாம். பத்தெழுத்துக்கும் ஒரே வினாக்குறியானால், அவற்றுள் எது எதுவென்று எவர் கூறவல்லார்? கொரிய மொழியில் அமையக்கூடிய அசைகள் 11,172 ஆகவும், 1987ஆம் ஆண்டுத் தரம் அவற்றுள் 2,350க்கே இடந்தந்தது. எஞ்சியவை 1996ஆம் ஆண்டு ஒருங்குறியின் இரண்டாம் பதிப்பிலேயே முழுமையாய் இடம்பெற்றன. 1998ஆம் ஆண்டு முதல் 2003ஆம் ஆண்டு வரை சீன நாட்டின் பிரதமராக விளங்கிய ஜூ ரோங்ஜியின் பெயரில் நடுவெழுத்தாகிய 'ரோங்' என்பது, அவர் நாட்டு 1980ஆம் ஆண்டுத் தரத்தில் இல்லை. ஒரு பேரரசின் தலைமை அமைச்சர் பெயர்க்கே இடமில்லாத பட்டியலில், சிற்றூர் மாணவன் ஒருவனுக்கு அருகிய எழுத்தாற் பெயரிட்டிருப்பின் அவன் நிலை யாதாகும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

எழுத்தும் அகலமும் சரியாயினும் வடிவம் மாறுபடுதல் உண்டு. சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றிலும் பொதுவாய் வழங்கும் சீனவெழுத்துக்கு ஒருங்குறி ஒரே குறியெண் தந்தது. எலும்பு எனப் பொருள்படும் எழுத்தின் மேற்பகுதியிலுள்ள சிறு மடிப்பு, சீன நாட்டு அச்சில் இடப்புறமும் ஜப்பானிய அச்சில் வலப்புறமும் அமைவது. எதனை வரைவதென்பது முனையம் கொண்டுள்ள எழுத்துருவைப் பொறுத்தது. கட்டளைவரி நிரல் அதில் தலையிடுதற்கில்லை. ஆகவே பயனர் தம் மொழிக்குரிய எழுத்துருவை முதலில் வைக்குமாறு அறிவுறுத்துதலே நிரலாசிரியர் செய்யத்தக்கது.

இச்செய்தி நமக்கும் புறம்பானதன்று. தமிழில் 'கொ' என்பது கண்ணுக்கு ஓரெழுத்து; ஒருங்குறியில் இரண்டு குறியெண்; யு.டி.எஃப். 8இல் ஆறு பைட். அகலப் பட்டியலில் நம் எழுத்துக்கள் பொதுவினத்தில் வைக்கப்பட்டுள்ளன. 'கௌ' போன்ற நீண்ட எழுத்து இத்தனை கட்டம் பெறும் எனக் கீழையாசிய எழுத்துக்கட்குப் போலத் தெளிந்த வரையறை அதில் இல்லை. ஆதலின் அவர்கள் பட்ட இடரை அறிதல் நம் எழுத்தின் இடரை ஆராய்வதற்கும் துணையாம்.

இதுவரை கூறியவற்றின் சாரம் ஒன்றே. சேமிக்கவும் அனுப்பவும் பைட்டை எண்ணுக. ஒப்பிடவும் தேடவும் எழுத்தை எண்ணுக. திரையில் நிறுத்தக் கட்டத்தை எண்ணுக. ஓரிடத்து அளவையை மற்றோரிடத்துப் பயன்படுத்தற்க. உள்ளே வரும் உரையின் குறிமுறையை வாயிலிலேயே அறிந்து, உள்ளே முழுதும் ஒருங்குறியாகவே கையாண்டு, வெளியே விடும்போது மட்டும் முனையம் ஏற்கும் முறைக்கு மாற்றுக. நிரலைச் சோதிக்கும்போது ஆங்கிலப் பெயர்களோடு அமையாது, த்சு என்னும் ஓரெழுத்துப் பெயரையும், காகோஷிமா என்னும் மூவெழுத்துப் பெயரையும், உறுப்புக்களாகப் பிரித்த கொரியப் பெயரையும், அருகிய எழுத்துடைய சீனப் பெயரையும் இட்டுப் பார்க்க. நிரல் எழுதக் கற்கும் நம் மாணாக்கர் பலர், தாம் காணாத நாட்டவர்க்கும் பயன்படும் கருவிகளை நாளை இயற்றுவர். அந்நாட்டார் ஒருவர் தம் பெயரைத் தட்டியபோது அது பிளவுபடாமலும் இடம்பெயராமலும் திரையில் நிற்குமாயின், அதனை ஒரு வியப்பாக அவர் கருதமாட்டார். அங்ஙனம் அவர் கருதாதவாறு செய்தலே நிரலாசிரியர் கடன் என்க.